விழா மலர், பக்கம் நாற்பத்தொன்று

சாரம், நெல்லித்தோப்பு மற்றும் சுற்றுவட்டாரப் பெருமக்கள் யாவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பண்பின் சிகரமும், அறநெறியின் அணையா விளக்கும், சாரம் தமிழ்ப் பண்பாட்டுப் பேரவையின் நிறுவனத் தலைவரும், பணி நிறைவு பெற்ற அரசுக் கண்காணிப்பாளருமான திருமிகு பண்பழகனார் அவர்கள், தமக்கு இழைக்கப்பட்ட மாபெரும் அநீதியை எதிர்த்து மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டார். இந்த நன்னாளை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

மேற்படி அறிவிப்பு 2007 பொங்கலையொட்டிப் புதுவையின் சாரம் பகுதியில் மூன்று இடங்களில் டிஜிட்டல் பேனராக நின்றது. தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம், ஒரு தராசு, எதற்கென்று தெரியாத ஓர் அருவி. அநீதி இன்னதென்று மட்டும் பேனரில் இல்லை. அருவிக்கே இடம் சரியாகப் போய்விட்டது போலும். நாம் சொல்லிவிடுவோம். மனைவியை அறைந்து இடது காதின் செவிப்பறையைக் கிழித்ததற்காக மாஜிஸ்திரேட் அவருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்திருந்தார். அதுதான் அநீதி.

பண்பழகனார் என்பது அவரே அவருக்கு வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது மண்ணாங்கட்டி. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனதால், எமனுக்கு ஆசை வராத பெயராகப் பார்த்து வைத்தார்கள். எமன் ஏமாந்தான். ஊரும் ஏமாந்தது. அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் மண்ணாங்கட்டியாகவே சம்பளம் வாங்கினார்.

இனி அந்த அறைக்கு வருவோம்.

2004 நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை, பேரவையின் செயற்குழு தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. தலைவரைத் தவிர ஏழு பேர். பேரவையைத் தாம் எப்படிப் பட்டினி கிடந்து தொடங்கினார் என்பதைத் தலைவர் விவரித்துக்கொண்டிருந்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு" என்று அவர் ஆரம்பிக்கவும், மனைவி பாக்கியலட்சுமி காபித் தட்டோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"தொண்ணூத்தி மூணுங்க," என்றாள் அவள், வெகு சாதாரணமாக. "நம்ம விஜய் பத்தாவது எழுதின வருஷம்."

அதற்குத்தான் அந்த அறை. உப்புக்கோ, வரதட்சணைக்கோ, சந்தேகத்துக்கோ கூட இல்லை. இரண்டு வருடக் கணக்குப் பிழையைச் சரிசெய்ததற்கு. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அது முதல் அறையும் அல்ல. ஆனால் சாட்சிகள் இருக்க விழுந்தது அதுதான் முதல். காதிலிருந்து ரத்தம் வந்ததும் அப்போதுதான்.

அவள் அன்றைக்கே எழுந்து போய்விட்டாள். முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு, அப்புறம் நெல்லித்தோப்பில் ஆரோக்கியம் என்ற மீன்காரம்மாவின் மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு. ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துப் பிழைத்தாள். மகன் விஜய் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்து, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்கம்மா, ஆபீஸ்ல கேக்கறாங்க" என்பான். அவன் ஆபீஸில் யார், என்ன கேட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

வழக்கு நடந்தது. செயற்குழுவின் ஏழு பேரில் ஆறு பேர், சம்பவ நேரத்தில் தாங்கள் குனிந்து கூட்ட நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்ததாகப் போலீசில் சொல்லிவிட்டார்கள். பேரவை வரலாற்றில் நிகழ்ச்சி நிரலை யாராவது படித்தது அந்த ஒரு முறைதான். ஏழாமவர் பேரவைச் செயலாளர் பக்கிரி. அவர் கூண்டேறி, தரை ஈரமாக இருந்தது என்றும், அம்மையார் கால் வழுக்கி கிரைண்டர் விளிம்பில் காது பட விழுந்தார் என்றும், தலைவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார் என்றும் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். கூடத்தில் கிரைண்டர் எதற்கு இருந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். "எளிமையான குடும்பம்," என்றார் பக்கிரி.

ஆக, பாக்கியலட்சுமியின் பக்கம் இருந்தது அவளுடைய ஒரு வாயும், டாக்டர் எழுதிய ஒரு சீட்டும்தான். மாஜிஸ்திரேட் அந்த இரண்டையும் நம்பினார். மேல் கோர்ட்டும் நம்புமா என்பதுதான் இப்போது கேள்வி. அதுவரை தலைவர் ஜாமீனில் இருந்தார்.

கோர்ட் நம்பக் கூடாது என்பதற்குத் தலைவரின் வக்கீல் லூர்துநாதன் இரண்டு வழி வைத்திருந்தார். முதல் வழி, மனைவியிடமிருந்து ஒரு பிரமாண வாக்குமூலம்: நான் கால் இடறித்தான் விழுந்தேன், பிறர் தூண்டுதலால் புகார் கொடுத்துவிட்டேன், இப்போது நாங்கள் இருவரும் மனமொத்துச் சேர்ந்து வாழ்கிறோம். இரண்டாவது வழி, ஒருவேளை குற்றம் உறுதியானாலும், இவர் சமூகத்தில் பெரிய மனிதர், நன்னடத்தையின் பேரில் சிறைக்கு அனுப்பாமல் விட்டுவிடுங்கள் என்று கேட்பது.

"பெரிய மனுஷர்ங்கறதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் லூர்துநாதன்.

தலைவருக்கு அந்தக் கேள்வி வலித்தது. "என்னங்க சார் இப்படிக் கேட்டுட்டீங்க? மலர் அச்சுல இருக்குதே!"

மலர் என்றால் விழா மலர். பேரவையின் பதினாறாம் ஆண்டு விழாவுக்காக வெளிவந்தது. அட்டையில் 1991–2007 என்று பொன் எழுத்து. இருநூற்றெட்டுப் பக்கம், பளபளத்தாள், ஆயிரம் பிரதி. தலைவர் மாலை போட்டுக்கொள்வது போல நாற்பது படம், தலைவர் மாலை போடுவது போல மூன்று படம். இடையிடையே நகைக்கடை, ஜல்லி, போர்வெல் விளம்பரங்கள். விளம்பரங்களுக்கு நடுவே கட்டுரைகள்.

விழா மலர் என்பது படிப்பதற்காக அச்சிடப்படுவதல்ல என்பது புதுவையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதை மேடையில் வெளியிடுவார்கள், ஒருவர் பெற்றுக்கொள்வார், மற்றவர்கள் தங்கள் படம் வந்திருக்கிறதா என்று புரட்டிவிட்டு டிவி மேல் வைப்பார்கள். தலைவரும் அச்சுப்படி பார்த்தார். படங்களைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். லூர்துநாதன் எடையைப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார்.

ஒரு பிரதி பாக்கியலட்சுமிக்கும் போனது. அதைக் கொண்டுவந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி சாமிக்கண்ணு. தவளக்குப்பத்துப் பக்கம் நிலமும், ஜங்ஷனில் ஓர் உரக்கடையும் வைத்திருப்பவன். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் மலர், சட்டைப் பையில் நான்காய் மடித்த முத்திரைத்தாள். ஆரோக்கியம் கீழே வாசலில் அரிவாள்மனை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

"வாய்யா தம்பி. காது அறுந்தப்ப வரல, இப்ப ஆப்பிளோட வர்றியா?"

சாமிக்கண்ணு காதில் விழாதது போல ஏறினான். அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து," என்று தாளை விரித்தான். "வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளு. மாமாவே வண்டி எடுத்துக்கினு வந்து உன்னை அழைச்சிக்கினு போறேன்னுட்டாரு. பேரவையில மேளத்துக்குக்கூட சொல்லிட்டாங்க."

"எதுக்கு மேளம்?"

"நீ திரும்பி வர்றதுக்குத்தான்க்கா."

அவள் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள். பொட்டலம் கட்டிவரும் காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவாள். அவளுடைய பழக்கம் அது.

"சேர்ந்து வாழறோம்னு போட்டிருக்குதே. நான் இங்கல்ல இருக்கேன்?"

"கையெழுத்து போட்டுட்டா அங்க போயிடுவ இல்ல. அப்ப சரியாயிடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுப் பாருக்கா. அறுபத்தி ரெண்டு வயசு மனுஷன். காலாப்பட்டு ஜெயில்ல போயி களி திம்பாரா?"

"இருபத்தெட்டு வருஷம் நான் அங்க தின்னேன். நீ ஒரு நாள் வந்து என்னான்னு கேட்டியா?"

"கோவத்துல ஒரு அடி. எந்த வீட்டுல இல்ல? என் கடையில உரம் வாங்க வர்றவன்லாம், 'உங்க அக்கா புருஷன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குதாமே'ன்னு கேக்கறான். நான் எப்படித் தலை நிமிர்ந்து வியாபாரம் பண்றது?" பிறகு, சமாதானம் சொல்வது போல, மிகவும் அன்பாகச் சொன்னான்: "இன்னொரு காது நல்லாத்தானக்கா இருக்குது."

பாக்கியலட்சுமி ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள்.

"கீழ பாத்துப் போ சாமிக்கண்ணு. படி ஈரமா இருக்கும்."

அவன் தாளையும் மலரையும் ஆப்பிளையும் வைத்துவிட்டுப் போனான். போகும்போது, அக்கா கோர்ட்டுக்கு வந்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடும் என்று வக்கீலுக்குப் போன் செய்தான். அப்படி அவள் சொல்லவில்லை. முடியாது என்று அவள் நேராகச் சொல்லாததால் அவனாகவே சரி என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம், ஹூக் தைத்து முடித்த நேரத்தில், அவள் மலரைக் கையில் எடுத்தாள். அந்த ஆயிரம் பிரதிகளில் முதல் பக்கத்திலிருந்து படிக்கப்பட்ட பிரதி அது ஒன்றுதான். வாழ்த்துரைகளைப் படித்தாள். போர்வெல் விளம்பரத்தைப் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தாள். தலைப்பு, 'கண்டிப்பில் ஒரு கண்ணியம்'. எழுதியவர், பேரவைச் செயலாளர் பக்கிரி.

"தலைவர் அவர்கள் மேடையில் மட்டும் ஒழுங்கைப் போதிப்பவர் அல்லர், இல்லத்திலும் நிலைநாட்டியவர். ஒரு சமயம் செயற்குழு அவர்தம் இல்லத்தில் கூடியிருந்தபோது, அம்மையார் குறுக்கிட்டு ஆண்டு ஒன்றைத் திருத்த முற்பட்டார். தலைவர் எழுந்தார். ஒரே ஓர் அறை. மீண்டும் அமர்ந்தார். விட்ட சொல்லிலிருந்தே உரையைத் தொடர்ந்தார். காபித் தட்டு விழுந்து உருண்ட ஓசையோ, அம்மையாரின் காதில் வழிந்த குருதியோ அவரது மன ஒருமைப்பாட்டைச் சிறிதும் குலைக்கவில்லை. அக்காட்சியை நேரில் கண்ட எழுவருள் நானும் ஒருவன் என்பது என் வாழ்நாள் பேறு. அன்றிரவே என் இல்லத்திலும் அம்முறையைக் கைக்கொண்டேன்."

அவள் அதை ஒரு முறைதான் படித்தாள். பக்கத்தின் முனையை மடித்துவிட்டு, கீழே ஆரோக்கியத்திடம் படியிறங்கினாள்.

"அக்கா, அந்தக் கூடத்துல ஏழு பேர் இருந்தாங்க. ஒரே ஒருத்தர் பாத்தேன்னு சொல்ல மாட்டாங்களான்னு ரெண்டரை வருஷமா கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சேன்."

"ஆமா, அதுக்கென்னா இப்ப?"

"சொல்லிட்டாரு. ஆயிரம் பிரதி."

ஆரோக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. பாக்கியலட்சுமி படித்துக்காட்டினாள். ஆரோக்கியம் மீன் செதிள் ஒட்டிய கையோடு கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் தெருவில் காறித் துப்பிவிட்டு வந்தாள். "அந்த முசியே பொண்டாட்டிய நெனச்சாதாண்டி வயிறு எரியுது," என்றாள். முசியே என்றால் புதுவைப் பேச்சில் ஐயா; அவள் சொன்னது பக்கிரியின் மனைவியை.

விசாரணை நாளன்று பேரவை இரண்டு வேனில் வந்து இறங்கியது. தலைவர் வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு. டபேதார் வாசலில் வந்து நின்று, சட்டம் தனக்குக் கொடுத்த முழுக் குரலில் மூன்று முறை கூப்பிட்டார்.

"மண்ணாங்கட்டி! மண்ணாங்கட்டி! மண்ணாங்கட்டி!"

தலைவர் வேறு யாரையோ கூப்பிடுவது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரிதான் முழங்கையால் இடித்தார். "தலைவரே, உங்களத்தான்."

லூர்துநாதன் எழுந்து இருபது நிமிடம் பேசினார். மேல்முறையீட்டாளர் குடும்பப் பாங்கானவர், கலாச்சாரக் காவலர், ஓர் எறும்புக்குக்கூடத் தீங்கு நினையாதவர், இதோ அவரது பெருமையைப் பறைசாற்றும் ஆவணம் கனம் கோர்ட்டார் முன் ஏற்கெனவே தாக்கலாகியிருக்கிறது. மேலும் தம்பதியர் சமரசமாகிவிட்டனர், அம்மையார் வந்திருக்கிறார், இப்போதே வாக்குமூலத்தில் கையொப்பமிடுவார்.

நீதிபதி நிமிர்ந்தார். "அம்மா, நீங்க சமாதானமாயிட்டீங்களா? அவரோட சேர்ந்து வாழறீங்களா?"

பாக்கியலட்சுமி எழுந்து, வலது காது நீதிபதிப் பக்கம் வரும்படி திரும்பி நின்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்கய்யா."

அவர் இன்னொரு தடவை கேட்டார்.

"இல்லீங்கய்யா. நான் நெல்லித்தோப்புல இருக்கேன். இந்தத் தாள்ல இருக்கறது எதுவும் நான் சொன்னதில்ல." வெள்ளையாகவே இருந்த கையெழுத்து இடத்தைக் காட்டினாள். "அவங்க குடுத்திருக்கற புஸ்தகத்துல நாப்பத்தோராம் பக்கத்த மட்டும் ஐயா படிச்சிடணும். வேற எதுவும் நான் கேக்கல."

லூர்துநாதன் சிரித்தபடி தலையசைத்தார். தம் கட்சிக்காரரின் பெருமையை எதிர்க்கட்சியே படிக்கச் சொல்கிறதே என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

நீதிபதி பக்கத்தைத் தேடி எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"இந்தப் பக்கிரிங்கறவர் இங்க இருக்காரா?"

பாராட்டப்போகிறார் என்றுதான் பக்கிரி நினைத்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அடியேன்தாங்கய்யா."

"இத நீங்கதான் எழுதினீங்களா?"

"முழுக்க என் சொந்த நடைங்கய்யா."

"கீழ்க் கோர்ட்ல தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கி விழுந்தாங்கன்னு சாட்சி சொன்னதும் நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

"ரெண்டுல எது உண்மை?"

பக்கிரிக்குக் கேள்வியே விளங்கவில்லை. உதவிக்கு நாலு பக்கமும் பார்த்தார். "அது கோர்ட்டுல சொன்னதுங்கய்யா. இது மலர்ல எழுதினது. மலர்ல பொய் எழுத முடியுங்களா? நாலு பேர் கையில போறதாச்சே."

லூர்துநாதன் அதற்குள் தம் பிரதியில் பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தார். அவர் முகம் மெல்ல மலரின் தாள் நிறத்துக்கு வந்தது. அந்த ஆவணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்.

"நீங்க குடுத்ததுதான சார். இருக்கட்டும்," என்றார் நீதிபதி. தீர்ப்பை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் தலைவர் பக்கிரியின் துண்டைப் பிடித்தார். "என்னய்யா எழுதித் தொலச்ச?"

"தலைவரே, நீங்க ப்ரூஃப் பாத்துக் கையெழுத்துப் போட்டதுதான!"

தலைவர் மலரைப் பிடுங்கி, தூணோரமாக நின்று, அந்தக் கட்டுரையை முதல் முறையாகப் படித்தார். 'மன ஒருமைப்பாடு' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் முகம் கனிந்தது. "நடை நல்லாத்தான் இருக்குது," என்றார். பக்கிரியின் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மேல்முறையீடு தள்ளுபடியானது. தண்டனை உறுதி. தலைவர் காலாப்பட்டுக்குப் போனார். பாக்கியலட்சுமி தீர்ப்பு நகலை வாங்கி, முழுக்கப் படித்து, துணிப் பெட்டிக்குள் வைத்தாள். தம்பி சொன்ன வெள்ளிக்கிழமை மேளம் வரவேயில்லை.

பேரவை அவசரச் செயற்குழுவைக் கூட்டியது. மிச்சமிருந்த அறுநூறு பிரதிகளிலிருந்தும் அந்தத் தாளைக் கிழித்தெடுப்பது என்று தீர்மானம் போட்டது. அதைக் கண்டித்து ஓர் உறுப்பினர் ராஜினாமா செய்தார். அந்த அறையை நேரில் பார்த்து இரண்டரை வருடம் வாய் திறக்காத ஆறு பேரில் அவரும் ஒருவர். அதே தாளின் பின்புறம், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், அவருடைய கவிதை இருந்தது.

பொய்ச்சாட்சிக்காகப் பக்கிரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. மலருக்காக அவருக்குச் 'செந்நடைச் செல்வர்' பட்டம் கிடைத்தது.

லூர்துநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார். பதினோராம் நாள் தலைவர் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு வெளியே வந்தார். பேனர்கள் மறுபடி எழுந்தன. இம்முறை 'சிறை மீண்ட செம்மல்'. சிங்கம் அதே சிங்கம்தான். அருவிக்குப் பதில் உடைந்த சங்கிலி. ஊர்வலம் சாரத்தில் கிளம்பி, வேண்டுமென்றே வழியை மாற்றி, நெல்லித்தோப்புக்குள் நுழைந்தது. ஆரோக்கியம் வீட்டுக்கு எதிரே இரண்டு கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி, மாடி ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். மத்தியானம் மூன்று மணி வெயிலில் தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். தாய்மை பற்றி, பொறுமை பற்றி, பேரவை தொடங்கிய 1991 பற்றி. முடிவில் குரல் தழுதழுக்க, "என்னைச் சிறைக்கு அனுப்பிய அந்தப் பேதையை நான் மன்னிக்கிறேன்!" என்று மூன்று முறை சொன்னார். பக்கிரி கைதட்டினார். சாமிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆரோக்கியம் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "அடியே பாக்கியம், அந்தாளு உன்னை மன்னிச்சிட்டானாம்டி! தெருவே அதிருது, கேட்டியா?"

பாக்கியலட்சுமி பாயில், வலது கன்னத்தைத் தலையணையில் வைத்து ஒருக்களித்துப் படுத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இடது காது கேட்காது.